புதுப்பிப்பு: செபத்துக்குத் துணை தேடியவன் நான்

செபத்தில் உட்கார்ந்தாலே மனம் அலைகிறது, ஆன்மத் துணை (செப வாழ்வைப் பற்றி ஒருவரிடம் தொடர்ந்து மனம்விட்டுப் பேசுவது) உதவுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இப்போது அதற்காக ஓர் அருட்சகோதரியை மாதம் ஒருமுறை சந்திக்கிறேன். அறிவுரை குறைவு, கேட்பதே அதிகம்.

முதல் சந்திப்பில், பதில் கிடைக்காத ஒரு மன்றாட்டைப் பற்றிக் கோபமாகப் பேசித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை இயேசுவிடம் சொன்னீங்களா?" என்றார். சொல்லவே இல்லை! மரியாதைக் குறைவு என்று மறைத்திருக்கிறேன். அன்றிரவு, 'எத்தனை நாள்' என்று முறையிடும், விவிலியத்தின் 13-ஆம் திருப்பாடலை வாய்விட்டுச் செபித்தேன். அழுகை வந்தது. மனமும் அலையவில்லை.

இப்போது தினமும் படுக்குமுன் புனித இஞ்ஞாசியார் (இயேசு சபையை நிறுவியவர்) கற்றுத்தந்த ஆன்ம ஆய்வு என்ற செபம், 10 நிமிடம்: முதலில் நன்றி, பிறகு நாளைத் திரும்பிப் பார்த்தல். நன்றியைத் தாண்டாமலே தூங்கிவிடும் இரவுகளும் உண்டு. அதையும் இயேசுவிடம் சொல்கிறேன்.

தேடுபவர்களுக்கு: பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுவது) வேறு, இது வேறு, துணையாளர் குருவானவராக இருக்க வேண்டியதில்லை.