தண்ணீர் நிரப்பும் சாலைத் தடுப்பு: மோதலை எது வாங்கிக்கொள்கிறது?

கேள்வி (வளைகோடு):
சாலைப் பணி நடக்கும் இடங்களுக்காக, இடம் மாற்றக்கூடிய தடுப்பு ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு துண்டு 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரம், அடியில் 60 செ.மீ. அகலம். எல்எல்டிபிஇ (ஒருவகை பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) கூடு 50 கிலோ, தண்ணீர் 550 லிட்டர், ஆக 600 கிலோ. கூட்டோடு சேர்த்து வார்த்த காதுகளில் (துளையுள்ள நீட்டல்கள்) 20 மி.மீ. இரும்புப் பின் செருகி இணைப்பதாகத் திட்டம். இலக்கு மாஷ் (சாலைத் தடுப்புகளுக்கான அமெரிக்க மோதல் சோதனை) விதியின் இரண்டாம் நிலை: 2270 கிலோ பிக்கப், மணிக்கு 70 கி.மீ., 25 டிகிரி கோணம். முகப்பில் நுரைப் பட்டை ஒட்டினால் அடி குறையுமா? தண்ணீருக்குப் பதில் மணல் போடலாமா?

பதில் (உந்தக்கணக்கு):
நுரை இருக்கட்டும், முதலில் அந்தக் காதுகளைப் பாருங்கள். தடுப்பை நோக்கிய குறுக்கு வேகம் 19.4 × சைன் 25° = 8.2 மீ/வி, அந்தத் திசையில் ஆற்றல் சுமார் 77 கிலோஜூல். உராய்வுக் குணகத்தை 0.4 என்று வைத்து, வண்டியும் தடுப்பும் ஒட்டி நகர்வதாகக் கணக்கிட்டால்:

ஒரே துண்டு (600 கிலோ) மட்டும் நகர்ந்தால் 25 மீட்டருக்கு மேல் தள்ளப்படும். அதாவது தடுப்பே இல்லை. 10 மீட்டர் நீளம் சேர்ந்து நகர்ந்தால் 2.8 மீட்டர். 20 மீட்டர் சேர்ந்தால் 0.9 மீட்டர்.

ஒவ்வொரு துண்டின் எடையும் அதேதான். எத்தனை துண்டு சேர்ந்து இழுபடுகிறது என்பதே வித்தியாசம், அதை முடிவு செய்வது இணைப்பு. 8 மி.மீ. தடிமனில் பின் துளைக்கு இருபுறமும் 20 மி.மீ. பொருள் உள்ள பிளாஸ்டிக் காது 5 கிலோநியூட்டனிலேயே இழுபட்டுக் கிழியத் தொடங்கும். சாதாரண இரும்பில் உங்கள் பின்னோ இரட்டை வெட்டில் (இரண்டு இடத்தில் ஒரே சமயம் வெட்டுவிசை) 90 வரை தாங்கும். ஆகவே துண்டின் முழு நீளத்துக்கும் இரும்புக் குழாயோ கம்பிவடமோ ஓடவேண்டும். காதுகள் அதோடு வெல்டு ஆகட்டும். காதுகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் பின் வெட்டுப்படும் முன்பே வளைந்துவிடும். பின்னின் கீழ்முனையில் பூட்டும் வேண்டும், இல்லையேல் மோதலில் மேலே துள்ளிக் கழன்றுவிடும்.

இது கைக்கணக்குதான். வண்டி நசுங்குவதும் திரும்புவதும் இதில் முழுதாக இல்லை. முழு அளவு மோதல் சோதனை இல்லாமல் எதையும் சாலையில் வைக்காதீர்கள்.

பதில் (சரிவுமுகம்):
பக்கவாட்டு முகத்தில் நுரை வேண்டாம். மென்மையான முகம் குழிவிழுந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். வழுக்கித் திரும்பவேண்டிய வண்டி அங்கேயே மாட்டிச் சுழலும். முகம் வழவழப்பாக, துண்டுக்குத் துண்டு படி இல்லாமல் இருப்பதுதான் பயணிக்கு நல்லது.

மணலும் வேண்டாம். அதே கூட்டில் எடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும், கூடு பிதுங்கும், இடம் மாற்றும்போது காலி செய்வது பெரும்பாடு. தண்ணீரின் தொல்லை வேறு மாதிரி: கசிவு. பாதி காலியான தடுப்பு வெளியிலிருந்து பார்த்தால் நிரம்பியது போலவே தெரியும், ஆனால் மேலே போட்ட கணக்கு மொத்தமும் போச்சு. மட்டம் காட்டும் மிதவை வையுங்கள். உறைபனி உள்ள இடத்தில் உப்புக் கரைசல் ஊற்றுவார்கள். அப்போது உள்ளே ஓடும் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு கட்டாயம்.

வளைகோடு:
நன்றி. நேருக்கு நேர் முனையில் மோதினால்?

பதில் (உந்தக்கணக்கு):
மென்மை தேவைப்படும் இடம் அதுதான். சில அமைப்புகளில் முதல் துண்டைத் தண்ணீர் ஊற்றாமல் காலியாகவே விடுவார்கள், நசுங்கட்டும் என்று. எளிய மாற்று, முனைக்கு முன்னால் வைக்கும் மணல் பீப்பாய் வரிசை. 1100 கிலோ கார் மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் வந்தால்: 90 கிலோ பீப்பாய்க்குப் பிறகு வேகம் 65, அடுத்து 180 கிலோ: 56, 320: 43, 640: 27, இன்னொரு 640: 17. பீப்பாய் விட்டம் 0.9 மீட்டர் என்றால் எந்தப் படியிலும் சராசரி வேகக்குறைப்பு 5.5 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் 5.5 மடங்கு) தாண்டாது. இதையே தலைகீழாக்கி 640-ஐ முன்னால் வைத்தால் முதல் படியிலேயே சுமார் 13 ஜி. பிக்கப்புக்கு இந்த வரிசை போதாது, பின்னால் 960 கிலோ பீப்பாய்கள் சேர்க்கவேண்டும்.

பதில் (சரிவுமுகம்):
கடைசிப் பீப்பாயைத் தடுப்பின் முனையோடு ஒட்டி வைக்காதீர்கள். சிதறும் மணலுக்கு இடம் வேண்டும். நெருக்கி வைத்தால் அது குவிந்து கெட்டிப்பட்டு வண்டி அதன்மேல் ஏறும். இன்னொன்று, தடுப்புக்குப் பின்னால் ஆட்களும் பொருளும் எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும் என்பதற்குச் சோதனையில் கிடைத்த அதிகபட்ச நகர்வைத்தான் எடுக்கவேண்டும், இங்கே வந்த 0.9 மீட்டரை அல்ல. 12 மீட்டர் நீளத்துக்கு மட்டும் தடுப்பு வைத்தால், சேர்ந்து இழுக்க 20 மீட்டரே அங்கே கிடையாது.