சமணர் மலைப் பக்கம் நாயோடு நடப்பவர்கள் கவனத்துக்கு

செல்வி அக்கா, காலை 6:48
(படம்)
கீழக்குயில்குடி தாமரைக் குளத்துக்கு முன்னால், பாதையோரப் புல்லில் இந்தப் பாம்பு கிடந்தது. எங்க மணி மூக்கை நீட்டிக்கொண்டு போய்விட்டான், சங்கிலி கையில் இருந்ததால் இழுத்துவிட்டேன். பின்னால் வருகிறவர்கள் அந்த ஓரம் போகாதீங்க.

பாண்டி, 6:50
அக்கா, இது மலைப்பாம்புக் குட்டி மாதிரி இருக்கே. அது ஒண்ணும் செய்யாது.

ராமையா ஐயா, 6:57
பாண்டி தம்பி, இது கண்ணாடி விரியன். கால்நடை ஆய்வாளராக இருந்தபோது ஊர் ஊராக இதே குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன். முதுகைப் பெரிதாக்கிப் பாருங்க, கறுப்பு ஓரம் வைத்த நீள்வட்டங்கள் மூன்று வரிசையாகச் சங்கிலிக் கோர்வையில் போகும். மலைப்பாம்புக்கு அப்படி ஒழுங்கு கிடையாது, திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். குட்டி என்று யாரும் கையில் எடுத்துவிடக் கூடாது.

பாண்டி, 6:58
சரிங்க ஐயா. நல்ல வேளை கேட்டேன்.

ஜெயா டீச்சர், 7:03
நாங்கள் கம்பைத் தட்டிக்கொண்டுதானே நடக்கிறோம், சத்தம் கேட்டால் பாம்பு ஓடிவிடாதா?

ராமையா ஐயா, 7:11
தரை அதிர்ந்தால் சாரை போய்விடும், நல்ல பாம்பும் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். கண்ணாடி விரியன் அப்படி இல்லை டீச்சர், சுருண்டு படுத்த இடத்திலேயே கிடக்கும், கிட்டே போனால் குக்கர் விசில் போலச் சீறும். மனுஷன் அந்தச் சீற்றத்தில் பின்வாங்குவான், நாய் என்னவென்று பார்க்க முன்னால் போகும். அதனால்தான் நாய்க்கு முகத்திலும் முன்னங்காலிலும் கடி விழுகிறது. மலையடிவாரக் கல்லுக்கடியில் சுருட்டை விரியனும் இருக்கும், சின்னதாக மண் நிறத்தில் இருப்பதால் கண்ணில் படாது. ஐப்பசி மழைக்குத் தவளையும் எலியும் பெருகினால் பாம்பும் அங்கேதான் வரும். கம்பு தட்டுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நாயைக் காப்பாற்றுவது குட்டைச் சங்கிலிதான்.

கார்த்திக், 7:15
எங்க வீட்டில் இருப்பது சிப்பிப்பாறை ஐயா. அவிழ்த்து விட்டு ஓடவில்லை என்றால் வீட்டுக்குள் ஒரு நிமிஷம் நிற்காது.

ராமையா ஐயா, 7:19
ஓடட்டும் தம்பி, புல் இல்லாத வெட்ட வெளியில், நன்றாக வெளிச்சம் வந்த பிறகு. புதர், கண்மாய்க் கரை, வைக்கோல் படப்பு, கற்குவியல் இந்த இடங்களில் அவிழ்க்காதே. வேட்டை நாய்க்கு அசைகிறது எதுவானாலும் துரத்தத் தோன்றும், கூப்பிட்டாலும் காதில் விழாது.

முத்து அண்ணன், 7:26
சிறியாநங்கையை அரைத்து உள்ளே கொடுத்தால் விஷம் இறங்கும் என்று எங்க அப்பா காலத்தில் செய்வார்கள். நாயே அருகம்புல்லைத் தின்று சரியாகிவிடும் என்பார்கள்.

செல்வி அக்கா, 7:34
அண்ணே, கோபப்படாதீங்க, இதை நான் சொல்லியே ஆக வேண்டும். போன வருஷம் செக்கானூரணிப் பக்கம் எங்க பெரியம்மா மகன் வளர்த்த நாய்க்குத் தாடையில் கடித்துவிட்டது, கண்ணாடி விரியன்தான், பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் பச்சிலைதான் முதலில் கொடுத்தார்கள், முகம் பானையாக வீங்கிய பிறகுதான் வண்டி பிடித்தார்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் மருந்து இல்லை என்று வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே ஊசி ஏற்றும்போது சிறுநீரில் ரத்தம் போக ஆரம்பித்திருந்தது. கடைசியில் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனது. அந்த நாய் கடைசி வரை வாலை ஆட்டியது அண்ணே. நேராக மருந்து இருக்கிற இடத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது.

முத்து அண்ணன், 7:36
கேட்கவே கஷ்டமாக இருக்கும்மா. கோபமெல்லாம் இல்லை.

ராமையா ஐயா, 7:49
முத்து, கடித்தது சாரையோ தண்ணீர்ப் பாம்போ என்றால் எதைக் கொடுத்தாலும் நாய் பிழைக்கும், விஷப் பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷம் உடம்பில் ஏறாமல் போகும். பச்சிலைக்குப் பேர் வந்தது அப்படித்தான். விஷம் ஏறிவிட்டால் அதை முறிக்கிற மருந்து ஒன்றுதான். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கிற இருளர் பழங்குடி மக்களின் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978இல் தொடங்கியது, அவர்கள் பிடிக்கிற நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலும் நஞ்சு எடுத்துக் கொடுக்க, மருந்து கம்பெனிகள் அதைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து முறிவு மருந்து தயாரிக்கிறார்கள். மனுஷனுக்கும் நாய்க்கும் அதே குப்பிதான். நாய் சின்னது என்று மருந்தைக் குறைக்கவும் முடியாது, பாம்பு இறக்கிய விஷத்தின் அளவு அப்படியே இருக்கிறதே. சில நாய்க்கு இந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போகும் என்பதால் மருத்துவர் பக்கத்தில் இருந்துதான் டிரிப்பில் ஏற்ற வேண்டும், வீட்டில் வாங்கி வைத்துப் போடுகிற விஷயம் இல்லை.

ஜெயா டீச்சர், 7:52
வெறிநாய்க்கடி ஊசி மாதிரி முன்கூட்டியே போட்டு வைக்க எதுவும் இருக்கிறதா ஐயா?

ராமையா ஐயா, 7:53
நம் ஊர்ப் பாம்புகளுக்கு அப்படி ஊசி இல்லை டீச்சர்.

கார்த்திக், 7:55
கடித்ததை நாம் பார்க்கவில்லை என்றால் எப்படித் தெரியும்?

ராமையா ஐயா, 8:04
விரியன் என்றால் வீக்கம் சீக்கிரம் தெரியும், கடிவாயில் ரத்தம் நிற்காது, ஈறிலும் கசியலாம். நல்ல பாம்பு என்றால் எச்சில் ஒழுகும், பின்னங்கால் தள்ளாடும், இமை தொங்கும், மூச்சு விடத் திணறும். கட்டுவிரியனை நினைத்துத்தான் எனக்குப் பயம். ராத்திரியில் வரும், வீக்கமே இருக்காது, பல் பட்ட இடமும் தெரியாது, வாசலில் படுத்த நாய் விடியும்போது எழுந்திருக்க முடியாமல் கிடக்கும். சந்தேகம் வந்தால் வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதே, கிளம்பு.

பாண்டி, 8:07
துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போகலாமா?

ராமையா ஐயா, 8:13
கூடாது. கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். வலிக்கிறதே என்று நாம் போடுகிற மாத்திரையைக் கொடுத்துவிடாதீங்க, பாராசிட்டமால் நாய்க்கே விஷம். கழுத்துப் பட்டையை முதலில் கழற்றுங்க, முகம் வீங்கினால் அதுவே குரல்வளையை இறுக்கும். நடக்க விடாமல் பெட்ஷீட்டில் படுக்க வைத்து நுனியைப் பிடித்து இரண்டு பேர் தூக்குங்க. வலியில் நம்மையே கடிக்கும், முகத்துப் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டாம். பாம்பை அடிக்கப் போய் நேரத்தை விடாதீங்க, தூரத்தில் நின்று படம் எடுக்க முடிந்தால் எடுங்க, இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான்குக்கும் மருந்து ஒன்றுதான்.

கார்த்திக், 8:15
1962க்குப் போன் அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி வருமே ஐயா?

ராமையா ஐயா, 8:17
கூப்பிட்டுக் கேளு, ஆனால் வண்டி வரட்டும் என்று நிற்காதே. ஆட்டோவோ காரோ கிடைத்ததில் ஏற்று, போகிற வழியிலேயே மருத்துவமனைக்குப் போன் போட்டு மருந்து இருக்கிறதா என்று கேள்.

செல்வி அக்கா, 8:22
அதைத்தான் இன்றே முடித்துவிடலாம் என்கிறேன். நாகமலை புதுக்கோட்டையில் இருந்து போகக்கூடிய கால்நடை மருத்துவமனைகளுக்கு நான் போன் பண்ணுகிறேன். முறிவு மருந்து இருப்பில் உண்டா, எத்தனை குப்பி, ராத்திரி மருத்துவர் இருப்பாரா, இந்த மூன்றும் கேட்க வேண்டும். ஒரு குப்பி மட்டும் வைத்திருக்கிறோம் என்றால் அதையும் குறித்துக்கொள்கிறேன், பத்தாமல் போகலாம் இல்லையா ஐயா?

ராமையா ஐயா, 8:23
ஆமாம்மா, விரியன் கடிக்குப் பல குப்பி போகும். மாதா மாதம் திரும்பவும் கேள், இருப்பு மாறிக்கொண்டே இருக்கும்.

கார்த்திக், 8:25
அக்கா, டவுன் பக்கம் இருப்பதை நான் விசாரிக்கிறேன், நீங்க பைபாஸ் வரைக்கும் பாருங்க.

முத்து அண்ணன், 8:31
ராத்திரி யாருக்காவது தேவை என்றால் என் ஆட்டோ வாசலில்தான் நிற்கும், நேரம் பார்க்காமல் கூப்பிடுங்க. பழைய பெட்ஷீட் ஒன்றும் பின்னால் போட்டு வைக்கிறேன்.

ஜெயா டீச்சர், 8:34
நாளையில் இருந்து ஆறரைக்குக் கிளம்புவோம், விடிந்த பிறகு. குளத்துப் பக்கம் வேண்டாம், தார் ரோட்டிலேயே அய்யனார் கோயில் வரை போய்த் திரும்பலாம். கார்த்திக், சங்கிலியோடு வாப்பா.

கார்த்திக், 8:35
சரிங்க டீச்சர்.