பாட்டியின் மொழி தெரியாத பேத்தி சீனரா, இல்லையா?

தோபாயோ_தேவி:
போன வாரம் அலுவலகத் தோழி ஒருத்தியின் பாட்டி இறந்துவிட்டார். அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்கம் கேட்கப் போயிருந்தேன். தோழிக்கு 24 வயது. வேர்க்கடலையை உரித்து உரித்துத் தட்டில் குவித்துக்கொண்டே இருந்தாள், ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. “ஆ மாவும் (பாட்டியும்) நானும் பேசியது மொத்தமே இருபது வார்த்தைதான் இருக்கும்” என்றாள். சாப்பிட்டாயா, குளித்தாயா, மழை வருது, குடை எடு. பாட்டிக்குத் தியோச்சூ என்கிற சீன மொழி மட்டும்தான் தெரியும். இவளுக்கு ஆங்கிலம், பள்ளியில் படித்த மாண்டரின், அதாவது சீனர்களின் பொதுமொழி. சடங்கில் பூசாரி சொன்னதை எல்லாம் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் அவளுக்கு மாண்டரினில் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கருத்து இது. சொந்தப் பாட்டியின் இறுதிச் சடங்கே புரியவில்லை என்றால் ‘சீனர்’ என்பது அடையாள அட்டையில் ஒரு வரி, அவ்வளவுதான். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

கோப்பி_ஓ_கோசோங்:
மறுக்கிறேன். தேவி அக்கா, தொலைத்தது அந்தப் பெண் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். 1979-இல் சிங்கப்பூர் அரசாங்கத்தின் ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கம் வந்தது. அப்போது இங்கே சீனர் வீடுகளில் பேசியது ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ். மாண்டரின் பேசிய வீடுகள் கொஞ்சம்தான். எண்பதுகளின் தொடக்கத்திலேயே தொலைக்காட்சியிலிருந்து இவை ஒதுக்கப்பட்டன, ஹாங்காங் தொடர்கள்கூட மாண்டரின் குரலில்தான் வந்தன. பள்ளியில் அப்பாவின் இனத்தைப் பார்த்துத் தாய்மொழி என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். தியோச்சூக்கார அம்மாவின் பிள்ளைக்குத் ‘தாய்மொழி’ மாண்டரின்!

2016-இல் முதியவர்களுக்காக ஹொக்கியனில் ஒரு தொடர் ஒளிபரப்பினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் வாயை மூடச் சொல்லிவிட்டு, அப்புறம் “இப்போது பேசுங்கள்” என்றால் யாரோடு பேசுவது?

இலக்கணச்சாமி_சென்னை:
காரணம் எதுவானால் என்ன? மொழி போனால் இனம் போயிற்று. அதை மறுக்க முடியாது. கிளைமொழி போய்ப் பொதுமொழி வந்தது நல்லதுதானே? நாமும் வட்டார வழக்கை விட்டுவிட்டுப் பொதுத் தமிழ் படிக்கவில்லையா?

கோப்பி_ஓ_கோசோங்:
ஐயா, இது நெல்லைத் தமிழ், கோவைத் தமிழ் விவகாரம் இல்லை. ஹொக்கியன் மட்டும் தெரிந்தவருக்கு மாண்டரின் புரியாது. எழுத்து ஒன்று, பேச்சு வேறு. ஒரே குடும்பப் பெயர் எழுத்தை ஹொக்கியன்காரர் தான் என்பார், கான்டனீஸ்காரர் சான், ஹக்காக்காரர் சின், மாண்டரினில் சென். கிளைமொழி என்ற சொல்லிலேயே பாதி வழக்கைத் தீர்த்துவிடுகிறீர்கள்.

பினாங்கு_பையன்:
இலக்கணச்சாமி ஐயா ஒரு தடவை பினாங்கு வரணும். பாபா, நோன்யா குடும்பங்களில், அதாவது எப்போதோ இங்கே வந்து குடியேறிய சீனர்களின் வழிவந்தவர்களிடம், பல தலைமுறையாக வீட்டுப் பேச்சு மலாய் கலந்தது. மலாக்காவில் முழுக்க மலாய் என்றே சொல்லலாம். ஆனால் முன்னோர் மாடம், ஊதுபத்தி, குடும்பப் பெயர், கல்யாணச் சடங்கு எல்லாம் அப்படியே இருக்கு. அவர்களைச் சீனர் இல்லை என்று சொல்லிப் பாருங்களேன்!

எங்க ஊர் ஹொக்கியனே சுத்தம் கிடையாது. காசுக்கு ‘லுய்’, கல்லுக்கு ‘பத்து’, ‘ஆனால்’ என்பதற்குத் ‘தாப்பி’. எல்லாம் மலாயிலிருந்து வந்தது. நான் மார்க்கெட்டில் வளர்ந்தவன், அதைத்தான் பேசுவேன். என்னோடு படித்த சீன நண்பர்களின் பிள்ளைகளோ சீனத் தொடக்கப்பள்ளியில் படித்து, வீட்டிலும் மாண்டரின். இப்போ என் ஹொக்கியனைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் சிரிக்குதுங்க லா.

தோபாயோ_தேவி:
மாடமும் சடங்கும் இருந்தால் போதும் என்றால் சரி, அந்தப் பாபா குடும்பங்களுக்கு அது இருந்தது. என் தோழிக்கு மாடமும் இல்லை, மொழியும் இல்லை. அவள் தேவாலயம் போகிறவள். அவளுக்கு மிச்சம் என்ன? அதைச் சொல்லுங்கள்.

ஜகார்த்தா_ரிட்டர்ன்:
மூன்று வருடம் ஜகார்த்தாவில் வேலை பார்த்தவன். இங்கே யாரும் இந்தோனேசியாவைத் தொடாததால் சொல்கிறேன்.

1966-இல் சீனப் பள்ளிகளை மூடினார்கள். பெயரை இந்தோனேசியப் பெயராக மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். 1967-இல் ஆட்சியாளர் சுகார்த்தோவின் ஆணை வந்தது. பொது இடத்தில் சீனப் பண்டிகை, சிங்க நடனம் எதுவும் கூடாது. 2000-இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹிட் அந்த ஆணையை நீக்கும்வரை அதுதான் நிலைமை. இடையில் வளர்ந்த ஜாவாச் சீனர்களில் பெரும்பாலோருக்குச் சீன மொழி எதுவுமே தெரியாது. வீட்டிலும் வெளியிலும் இந்தோனேசிய மொழிதான், ஜாவானீஸ்தான்.

ஆனால் 1998 மே மாதக் கலவரத்தில் சீனர் கடைகளைக் கொளுத்திய கும்பல் யாருக்கும் மொழித் தேர்வு வைக்கவில்லை. மொழி போனால் இனம் போயிற்று என்கிறவர்கள் அதை அந்தக் கடைக்காரர்களிடம் போய்ச் சொல்லட்டும்.

தோபாயோ_தேவி:
நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அடி வாங்க மட்டும் சீனர் என்றால் அது மற்றவர் ஒட்டிய சீட்டு. உள்ளுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஜகார்த்தா_ரிட்டர்ன்:
சரி, அதையும் சொல்கிறேன். என் வீட்டு உரிமையாளரின் மகள் 19 வயதில் மாண்டரின் டியூஷன் போக ஆரம்பித்தாள். ஆகா, வேரைத் தேடுகிறாள் என்று நினைத்து மெச்சினேன். “சீனக் கம்பெனியில் சம்பளம் கூட” என்று சொல்லிவிட்டாள். அவள் பாட்டி பேசியது ஹக்கா. அந்த வீட்டில் யாரும் அதைத் தேடவில்லை.

கோப்பி_ஓ_கோசோங்:
இன்னொரு கோணம். ‘சீனர்’ என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவதை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். மாண்டரினில் ‘ஹுவாரன்’ என்றால் சீன வம்சத்தவர், ‘ஜோங்குவோரன்’ என்றால் சீன நாட்டவர். இங்குள்ள இளையர் முதல் சொல்லைத் தனக்கு வைத்துக்கொள்வார், இரண்டாவதைச் சொன்னால் முகம் சுளிப்பார். இரண்டையும் கலக்கிவிட்டால் உங்கள் தோழியிடம் தப்பான கேள்வியைக் கேட்போம்.

மாண்டரினும் பாறை மாதிரி நிற்கவில்லை. 2010 கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் ஆங்கிலம் அதிகம் பேசுவோர் 32.3 விழுக்காடு, 2020-இல் 48.3. மாண்டரின் 35.6-லிருந்து 29.9. சீனக் கிளைமொழிகள் 14.3-லிருந்து 8.7. (பாருங்கள், நானே கிளைமொழி என்று எழுதிவிட்டேன். அரசாங்கத் தமிழ் நாக்கில் ஒட்டிக்கொண்டது.) நம் தமிழும் குறைந்து 2020-இல் 2.5. அதனால் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் நிலையில் நாம் இல்லை.

சிராங்கூன்_சிவா:
வயது 22, இப்போதுதான் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) முடித்தேன். இந்தத் தலைமுறை ஆள் யாருமே பேசவில்லையே என்று வந்தேன்.

முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்த சீன நண்பன் ‘ஜியாக் கந்தாங்’ ரகம். அப்படியென்றால் உருளைக்கிழங்கு தின்பவன், அதாவது வெள்ளைக்காரன் மாதிரி ஆங்கிலமே பேசுகிறவன். சீனாவிலிருந்து வந்த கடைக்கார அம்மா வேகமாக மாண்டரின் பேசினால் விரலால் படத்தைக் காட்டுவான். ஆனால் முகாமுக்கு வந்து ஆறு மாதத்தில் ஹொக்கியன் பேசத் தொடங்கிவிட்டான். எல்லாம் மற்றப் பையன்களிடம் கேட்டுக் கேட்டு வந்தது. எனக்கும் கொஞ்சம் வரும்.

இலக்கணச்சாமி_சென்னை:
முகாமில் கற்றது வசவாகத்தானே இருக்கும், தம்பி? அதை மொழி என்று கணக்கில் சேர்க்கலாமா?

சிராங்கூன்_சிவா:
முக்கால்வாசி வசவுதான், ஐயா. அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் பேசியிருக்கிறான். பாட்டி முதலில் செருப்பை எடுத்தாராம். அப்புறம் உட்காரவைத்து, “இதை இப்படிச் சொல்லக்கூடாது, இப்படிச் சொல்லு” என்று ஒவ்வொன்றாகத் திருத்தினாராம். இப்போது வாரா வாரம் போகிறான். அவன் சீனனா என்று அவனிடம் கேட்டால் “என்னடா கேள்வி இது” என்பான்.

தோபாயோ_தேவி:
சிவா, அவனுக்குப் பாட்டி இருக்கிறார். அதுதான் வித்தியாசம்.

வாதத்தை விட்டு ஒன்று கேட்கிறேன். தோழியின் போனில் ஆ மா அனுப்பிய குரல் பதிவுகள் பதினொன்று இருக்கின்றன. முன்பெல்லாம் அம்மாவிடம் கொடுத்து அர்த்தம் கேட்பாளாம். கடைசி நான்கை இன்னும் கேட்கவில்லை. அம்மா அந்தக் குரலைக் கேட்டதும் அழுதுவிடுகிறார், அதனால் அவரிடம் கேட்கத் தயங்குகிறாள். தியோச்சூ தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?

பினாங்கு_பையன்:
ஹொக்கியனும் தியோச்சூவும் ஒட்டினாப்போல இருக்கும், அக்கா. எனக்கு முக்கால்வாசி புரியும். அவளுக்குச் சம்மதம் என்றால் தனிமடலில் அனுப்புங்க. தமிழில் எழுதித் தரேன், நீங்க அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லிடுங்க.