கேசட் டெக்குக்கு பெல்ட் மாற்றுபவர் புதுச்சேரி, கடலூர் பக்கம் யாராவது?

மை பிளடி வாலன்டைன் ராக் இசைக்குழுவினர் 2025 நவம்பரில் டப்ளினில் மறுபடி மேடை ஏறினார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பரணில் இருந்த அவர்களுடைய 1991 ஆல்பம் கேசட்டை இறக்கினேன். டெக்தான் காலை வாரிவிட்டது.

மாமா 1992ல் பாரீஸிலிருந்து கொண்டுவந்த டபுள் டெக். வீடு முத்தியால்பேட்டை, உப்புக்காற்று. பத்து நிமிஷம் ஓடியதும் வேகம் குறைந்து பாட்டு இழுக்கிறது. முதலில் சந்தேகமே வரவில்லை. அவர்களுடைய கிதார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ், சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வாசிப்பவர், சுருதி அலைவதுதான் அந்தக் குழுவின் அழகே! அப்புறம் அம்மாவின் பக்திப் பாடல் கேசட்டைப் போட்டேன். முருகனும் அதே மாதிரி இழுத்தார். சரி, கோளாறு டெக்கில்தான்.

ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தாயிற்று. திறந்து பார்த்தால் பெல்ட் தார் மாதிரி உருகி விரலில் ஒட்டுகிறது. சென்னை ரிட்சி தெருவில் வாங்கிய பெல்ட் தொளதொளவென்று நழுவுகிறது. இங்கே ஒரு மெக்கானிக், "தூக்கிப் போட்டுட்டு போன்ல கேளுங்க சார்" என்றார்.

சரியான அளவெடுத்து பெல்ட் மாற்றித் தருபவர் புதுச்சேரியிலோ கடலூரிலோ எந்தக் கடையில் இருக்கிறார்?