டிஷ்ஷைத் தொட்டால் சுர்ருங்குது, எர்த் எப்படிக் கொடுப்பது?

மாடிவீடு:
மொட்டை மாடியில் 60 செ.மீ. டிடிஎச் டிஷ். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. மல்டிமீட்டரில் டிஷ்ஷுக்கும் எர்த்துக்கும் நடுவே 90 வோல்ட் ஏசி. பக்கத்துத் தோட்டத்தில் தனியாக ஒரு ராடு அடித்து இணைத்தால் போதுமா? எந்த சைஸ் ஒயர்?

ஒயர்மேன்:
ராடு அடிக்கும் முன்னே அந்த 90 வோல்ட் எங்கிருந்து வருதுன்னு பாருங்க சார். எல்என்பிக்கு (டிஷ் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் பெட்டி) போவது வெறும் 13 அல்லது 18 வோல்ட் டிசி, அது சுர்ருங்காது. டிவி, செட்டாப் பாக்ஸ் அடாப்டர் எல்லாம் ரெண்டு பின் பிளக்தானே? உள்ளே இரைச்சலைக் குறைக்க வைத்திருக்கும் ஒய் கெப்பாசிட்டர் வழியாக மெயின்ஸில் பாதி வரைக்கும் கேபிள் ஷீல்டில் (கேபிளின் வெளிப்பக்க உலோக வலை) ஏறும், அங்கிருந்து டிஷ் வரை போகும். கரண்ட் ரொம்பக் கொஞ்சம்.

மெயினை ஆஃப் செய்து, பாக்ஸ் பின்னால் கேபிளைக் கழற்றி, ஆன் செய்து மறுபடி அளங்க. டிஷ்ஷில் வோல்டேஜ் போயிடுச்சுன்னா கோளாறு வீட்டுக்குள்ளே இருந்துதான் வருது. போகலைன்னா மாடி லைட் ஒயரோ வேறெதுவோ ஸ்டாண்டில் உரசுது. 200க்கு மேலே காட்டினால் டிஷ்ஷைத் தொடவே தொடாதீங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

எர்த்குழி:
தனி ராடு மட்டும் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் இடி விழுந்தால் ரெண்டு எர்த்துக்கும் நடுவே பெரிய வோல்டேஜ் வித்தியாசம் வரும்; அது கேபிள் ஷீல்டு வழியாக உங்கள் பாக்ஸையும் டிவியையும் கடந்துதான் சமமாகும். ஸ்டாண்டிலிருந்து வெளிச்சுவரோடு நேராக, கூர்மையான வளைவில்லாமல், வீட்டு எர்த் குழிக்கே 16 ஸ்கொயர் எம்எம் காப்பர் இறக்குங்கள். ஐஇசி 60728-11 என்ற சர்வதேச தரநிலை சொல்லும் அளவு அது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எஃப் டைப் கிரவுண்டிங் பிளாக் (கேபிள் ஷீல்டை எர்த்தோடு சேர்க்கும் இணைப்பான்) போட்டு, 4 ஸ்கொயர் எம்எம் பச்சை ஒயரை மெயின் எர்த் பாருக்கு (வீட்டு எர்த் ஒயர்கள் எல்லாம் சேரும் உலோகப் பட்டை) கொண்டுபோங்கள்.

பலரும் சொதப்புவது ஸ்டாண்டு ஜாயிண்டில்தான். பெயிண்ட் மேலேயே லக்கை (ஒயர் முனையில் போடும் உலோக வளையம்) வைத்து முறுக்கினால் தொடர்பே இருக்காது. ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டி, வெள்ளீயம் பூசிய லக், ஸ்டார் வாஷர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். வெறும் காப்பரை ஜிஐயில் (ஜிங்க் பூசிய இரும்பு) சுற்றினால் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு ஜிங்க் அரித்து, செந்துருவில் ஒயர் ஆடும்.

மாடிவீடு:
டேங்க் பைப்பில் கட்டலாமா? இல்லை, பக்கத்து போர்டு நியூட்ரலில்?

ஒயர்மேன்:
இப்போ பைப்பெல்லாம் பிவிசி, மண்ணுக்குப் போகாது. நியூட்ரல் கூடவே கூடாது. வழியில் அறுந்தால் முழு ஃபேஸும் டிஷ்ஷில் நிற்கும்.

எர்த்குழி:
முடித்ததும் டிஷ்ஷிலிருந்து எர்த் பார் வரை ஓம்ஸ் பாருங்கள், 1க்குள் இருக்கணும். நேரடி இடிக்கு இது தாங்காது. மேகம் கட்டும்போதே பிளக்கையும் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். இணைத்த பிறகு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் எர்த்தைக் கழற்றி விட்டுடாதீர்கள், எங்கோ நிஜமான லீக் இருக்கு. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பாருங்கள்.