அக்கா ஜெபக்கூட்டத்துக்குப் போகிறாள்: கஷ்டத்தில் இருப்பவர்களை மட்டும் ஏன் தேடிப் போகிறார்கள்?

பொருநைக்கரை:

வணக்கம். ரெண்டு மாதமாக மனதை அரித்துக்கொண்டிருக்கிற விஷயம், அதனால்தான் இங்கே கேட்கிறேன். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். அத்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் பைக் விபத்தில் போய்விட்டார். பையனுக்குப் பதினோரு வயது, சின்னதிலிருந்தே வலிப்பு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறான். அத்தான் வாங்கின வட்டிக்கடன், அவளே வாங்கின குழுக்கடன் எல்லாம் இப்போது அவள் ஒருத்தி தலையில்.

ஒன்றரை வருஷமாக லைன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஹாலில் நடக்கிற ஜெபக்கூட்டத்துக்குப் போகிறாள். பக்கத்து வீட்டு அம்மா கூட்டிப் போனதாம். இப்போது திருநீறு இல்லை, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வரவில்லை, அம்மா பொங்கலைப் பையனுக்கு ஊட்டப் போனபோது கையைத் தடுத்துவிட்டாள், அம்மா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் போய்விடுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் போனில் "ஜெபத்துல பையனுக்குச் சுகமாயிட்டு, மாத்திரையைக் குறைக்கலாம்னு இருக்கேன்" என்றாள். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

சித்தப்பா "மூளைச்சலவை பண்ணிட்டானுக" என்கிறார். எனக்கு அது சரியான பதிலாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது: டாக்டர் வீட்டுக்கும் தாசில்தார் வீட்டுக்கும் போகாமல், புருஷனை இழந்தவள், கடன்பட்டவள், பிள்ளைக்கு நோய் உள்ளவள் என்று பார்த்து ஏன் போகிறார்கள்? அவர்களும் ஏன் உடனே போய் ஒட்டிக்கொள்கிறார்கள்? தயவுசெய்து எந்த மதத்தையும் வைய வேண்டாம், எனக்கு அக்கா வேண்டும்.

ராத்திரி டூட்டி:

தம்பி, நான் அரசு மருத்துவமனையில் பதினான்கு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். மதப் பேச்சு அப்புறம், முதலில் மாத்திரை. வலிப்பு மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பலாம், சில பிள்ளைகளுக்கு ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது என்று விடாமல் வரும், அது உயிருக்கே ஆபத்து. நாலைந்து மாதம் வலிப்பு வரவில்லை என்றால் மாத்திரை கேட்கிறது என்றுதான் அர்த்தம். பொதுவாக ரெண்டு வருஷமாவது வலிப்பே இல்லாமல் இருந்தால்தான் டாக்டர்கள் குறைப்பதைப் பற்றியே யோசிப்பார்கள், அதையும் படிப்படியாகத்தான் செய்வார்கள். அக்காவிடம் "ஜெபம் பொய்" என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுவாள். "ஜெபமும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். எங்கள் வார்டில் நோயாளிக்குக் கட்டில் உண்டு, கூட இருப்பவருக்கு வராண்டாதான். அங்கே துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் நாள் முழுக்க யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்தால், "இந்தச் சீட்டைக் கொண்டு போங்க", "ஸ்கேனுக்கு நில்லுங்க", "ஆதார் எங்க". நானும் அப்படித்தான் பேசுகிறேன், ஒரு ஷிப்டில் நாற்பது பேரைப் பார்க்கிறவளுக்கு வேறு மாதிரிப் பேச நேரமில்லை. சாயங்காலம் ரெண்டு அம்மாக்கள் வருவார்கள். கையில் பன், பிளாஸ்க்கில் பால். தரையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து "உன் பேர் என்னம்மா" என்பார்கள். நோயாளி பேரை அல்ல, அவள் பேரை. அந்த ஒரு கேள்விக்கே உடைந்து அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் அவர்கள் கண்ணை மூடி என்ன ஜெபம் சொன்னாலும் அவளுக்கு அது வேற்று மதமாகத் தெரியாது.

இது ஒரு மதத்து விஷயமும் இல்லை. குணசீலம் பெருமாள் கோயிலுக்கு மனநோய் உள்ளவர்களைக் கூட்டிப் போய் 48 நாள் வைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. ராமநாதபுரம் பக்கத்து ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களைச் சங்கிலி போட்டு வைத்திருந்த விடுதியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள், கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பாசமில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், கைவிட்டுப்போன நிலையில் யாராவது "இங்கே விடு" என்று சொன்னால் போதும் என்றிருந்தவர்கள் அவர்களில் நிறைய. ஆனால் வலிப்பை மந்திரத்தால் தீர்ப்பேன் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம், எந்தச் சாமி பேரில் செய்தாலும் சரி.

வடசேரிக்காரன்:

"தேடிப் போகிறார்கள்" என்பது பாதிக் கதைதான் நண்பரே. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் சீர்திருத்தச் சபை, அதாவது புராட்டஸ்டண்ட் சபை, எப்படி வந்தது? மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்ற ஒடுக்கப்பட்ட சாதிக்காரர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார், அங்கே கண்டதில் மனம் நொந்து, திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவரானார், வேதமாணிக்கம் என்று பேர் வைத்துக்கொண்டார். எங்கள் ஊருக்கு ஒரு போதகரை அனுப்புங்கள் என்று அவர்தான் கேட்டார். லண்டன் மிஷன் போதகர் ரிங்கல்தௌபே வந்தது அதற்கு அப்புறம், 1806-இல். அதாவது, ஆள் தேடிப் போனது இந்தப் பக்கத்திலிருந்துதான்.

அன்றைக்குத் திருவிதாங்கூரில் எங்கள் பெண்கள் மார்பை மறைக்க மேல்சேலை போட்டால் சந்தையில் கிழித்தார்கள். 1820களில் தொடங்கின கலவரம் 1859-இல் மார்பை மறைக்கலாம் என்று அரசு உத்தரவு வரும்வரை விட்டு விட்டு நடந்தது. அந்தக் காலத்தில் ஒரு ஏழைக்கு மிஷன் என்றால் முதலில் என்ன? மனு எழுதிக் கொடுக்க ஒரு ஆள், சர்க்கார் கச்சேரிக்கு, அதாவது அரசு அலுவலகத்துக்கு, கூட வர ஒரு ஆள், பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம். நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார், அந்தக் கூலியில் அடிமைத்தனத்திலிருந்து தங்களையே மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. என் பாட்டி வீட்டில் அந்த லேஸ் ஊசித் தலையணை ஒன்று பரணில் கிடந்தது, சின்ன வயதில் அதை உருட்டி விளையாடியிருக்கிறேன்.

பஞ்சத்துக்கு மாறியவர்களும் உண்டு, மறைக்கவில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்று அப்போதே பேச்சு இருந்தது. பிற்பாடு கோதுமைக்கும் பால் பவுடருக்கும் மாறினவன் என்று எங்கள் வகுப்பிலேயே கேலி செய்தார்கள், நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. கஞ்சி ஊற்றினது தப்பா, ஊரில் நெல் இருந்தும் ஊற்றாமல் இருந்தது தப்பா என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

மாடிப்படி:

நான் இந்த மாதிரி ஒரு சபைக்குள் ஏழு வருஷம் இருந்தவன், வெளியே வந்து நாலு வருஷம் ஆகிறது. குடியால் வேலை போய், மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட நேரத்தில் ஒரு நண்பன் கூட்டிப் போனான். அவன் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். குடியை விட்டது அங்கேதான்.

உங்கள் அக்காவுக்கு எது பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். கையில் மைக் கொடுப்பார்கள். வாழ்க்கையில் ஒரு கூட்டம்கூட நம் வாயைப் பார்த்து உட்கார்ந்ததில்லை, அங்கே நூறு பேர் நாம் பட்ட பாட்டைக் கேட்டு அழுவார்கள், நாம் முடிக்கும்போது ஸ்தோத்திரம் சொல்வார்கள். முதல் தடவை மைக்கைப் பிடித்தபோது என் கை நடுங்கின நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது. மூன்று வாரம் போகாவிட்டால் நாலு பேர் வீட்டுக்கு வருவார்கள். என் சொந்த அண்ணன் ஒரு வருஷமாக வரவில்லை.

அமெரிக்காவில் லோஃப்லாண்ட், ஸ்டார்க் என்ற ரெண்டு சமூகவியலாளர்கள் கொரியாவிலிருந்து வந்த ஒரு சின்ன மதக்குழுவோடு பழகிப் பார்த்து 1965-இல் எழுதினார்கள். கொள்கையைக் கேட்டு மயங்கிச் சேர்ந்தவர்களைவிட, உள்ளே ஒருவரோடு நெருக்கமாகி, வெளியே தடுத்து நிறுத்துகிற அளவுக்கு நெருக்கம் யாரோடும் இல்லாமல் இருந்தவர்கள்தான் சேர்ந்தார்கள் என்பது அவர்கள் கண்டது. படித்தபோது என்னைப் பற்றி எழுதினது போல இருந்தது.

நான் ஏன் வெளியே வந்தேன்? தங்கை கல்யாணத்துக்குப் போகக்கூடாது, அங்கே ஓமம் வளர்ப்பார்கள் என்றார்கள். போகவில்லை. காணிக்கை கூடிக்கொண்டே போனது, கடன் வாங்கிக் கொடு, கர்த்தர் இரட்டிப்பாகத் தருவார் என்றார்கள், வாங்கினேன், அந்தக் கடன் போன வருஷம்தான் முடிந்தது. ஒரு கேள்வி கேட்டால் உனக்குள் சாத்தான் பேசுகிறான் என்றார்கள். எல்லாச் சபையும் இப்படி இல்லை, எங்கள் தெருவில் இருக்கிற பழைய சர்ச்சில் யாரும் யாரையும் இப்படி விரட்டுவதில்லை. உங்கள் அக்கா சேர்ந்த இடம் எப்படி என்று பாருங்கள். மருந்தை விடச் சொல்கிறதா, கடன் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறதா, சொந்தங்களைப் பார்க்காதே என்கிறதா? இதெல்லாம் இல்லாமல் அவள் வேறு சாமியைக் கும்பிடுகிறாள் என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால், அதை அவளிடமே விட்டுவிடலாம்.

தென்காசிச் சாரல்:

இங்கே எல்லோரும் நல்ல மனதோடுதான் பேசுகிறீர்கள், ஆனால் "பலவீனமானவர்கள் போய் ஒட்டிக்கொள்கிறார்கள்" என்கிற பேச்சே எனக்கு உறுத்துகிறது. 1981 பிப்ரவரியில் எங்கள் பக்கம் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் ஒரே நேரத்தில் இஸ்லாத்துக்குப் போனார்கள். அரபு நாட்டுப் பணம் என்று நாடு முழுக்கக் கூச்சல், டெல்லியிலிருந்தெல்லாம் தலைவர்கள் வந்து போனார்கள். அந்த மக்களில் படித்தவர்களும் அரசு வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். வயிற்றுப் பசிக்குப் போகவில்லை. டீக்கடையிலும் பஸ்ஸிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் பட்ட அவமானம் போதும் என்று கூடிப் பேசி முடிவெடுத்துப் போனார்கள்.

ஆசை காட்டி மாற்றுகிறார்கள் என்கிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டும்தான் என்று இருந்தது, சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கொடுத்தார்கள். ஒரு தலித் கிறிஸ்தவனாகவோ முஸ்லிமாகவோ மாறினால் எஸ்.சி. சான்றிதழ் போய்விடும், ரிசர்வ் தொகுதியில் நிற்க முடியாது. இவ்வளவையும் இழந்து ஒருவன் போகிறான் என்றால் அவனை ஏமாந்தவன் என்று எப்படிச் சொல்வது? 2002-இல் இங்கே கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். மற்றவர்களை மாற்றினால் மூன்று வருஷம், சிறுவர்களையோ பெண்களையோ பட்டியல் சாதி, பழங்குடியினரையோ மாற்றினால் நாலு வருஷம் என்று அதில் இருந்தது. வளர்ந்த பெண்ணையும் தலித்தையும் குழந்தையோடு சேர்த்து வைத்தார்கள், சொந்த புத்தியில்லாதவர்கள் மாதிரி. 2004 தேர்தலுக்கு அப்புறம் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

போன இடத்தில் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்த பிறகும் தலித் கிறிஸ்தவர்களைப் பிரிக்கிற சுவர் இருக்கிறது. விழுப்புரம் பக்கம் எறையூரில் 2008-இல் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்குக் கோயில் கேட்டதற்காகக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதிக் கலவரம், போலீஸ் சுட்டதில் ரெண்டு பேர் செத்தார்கள். எங்கே போனாலும் சாதி முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. அது தெரிந்தும் போகிறார்கள் என்றால், இருந்த இடம் எப்படி இருந்திருக்க வேண்டும்? தம்பி, உங்கள் அக்காவை நீங்கள் எங்கே வைத்திருந்தீர்கள் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். கோபத்தில் கேட்கவில்லை.

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. சாரல் அண்ணன் கேட்டது சுருக்கென்று இருந்தது. சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறித் திருப்பூர் போனேன். முதலில் எழுதாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் என் பையனுக்குக் காதுகுத்து. அவள் அத்தை, முன்னால் நிற்க வேண்டியவள். பெரியவர்கள் ஏதோ சொன்னார்கள் என்று அவளைச் சமையல்கட்டுப் பக்கம் இருக்கச் சொன்னோம். நானும் வாயைத் திறக்கவில்லை. திருப்பூரில் அதை நான் மெதுவாக எடுத்ததும் அவள் சொன்னாள், போன மாதம் ஜெபக்கூட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்றாம், பாஸ்டரம்மா இவளைக் கூப்பிட்டுத்தான் அந்தப் பெண் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணச் சொன்னார்களாம். "என் கையால ஒருத்திக்கு நல்லது நடக்கும்னு அங்கதான்டா சொன்னாங்க" என்றாள். எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை.

மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினேன். இந்நேரம் தீர்ந்திருக்க வேண்டியதில் பதினாறு மிச்சம். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் பெரிய கூட்டத்தில் பையன் தலையில் கை வைத்துச் சுகம் என்று சொன்னதிலிருந்து ஒரு வேளைதான் கொடுத்திருக்கிறாள். நேராக அந்த பாஸ்டரம்மாவிடமே போனேன், சண்டை போடுகிற எண்ணத்தில்தான். அவர்கள் அட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "எங்க வீட்டுக்காரரே சுகர் மாத்திரை போடுறாரு, உன்னை யார் நிறுத்தச் சொன்னது" என்று அக்காவைத்தான் கடிந்துகொண்டார்கள். திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம், அவர்களும் பஸ்ஸில் கூடவே வந்தார்கள். டாக்டர் பழையபடி ரெண்டு வேளை கொடுக்கச் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், நான் லீவு சொல்லிவிட்டேன்.

வட்டிக்கடனில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். தசமபாகம் பற்றி நான் பேசவில்லை, அவளும் பேசவில்லை. ஆடியில் ஊரில் கொடை வருகிறது, பையனை மட்டும் அனுப்பட்டுமா என்று அவளே கேட்டாள். நீயும் வா, சாமி கும்பிட வேண்டாம், என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வா என்றேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டாள்.