"அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு கண்ணு"

2024 தை மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வட்டிக்காரரின் வண்டிச் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டு, மகனை வாசலுக்கு அனுப்பினேன். "அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு கண்ணு." எட்டு வயதுப் பிள்ளை. அவன் அப்பா உள்ளே கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டு உள்ளே வந்தவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சின்ன வயதில் எங்கள் அம்மா என்னையும் இதே மாதிரி அனுப்பியிருக்கிறார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாங்கள் இருப்பது திருப்பூர். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், வாரச் சம்பளம். நான் வீட்டிலேயே தைக்கிறேன். வருமானமே இல்லாத வீடு என்று சொல்ல முடியாது. ஆனால் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று இரண்டு பேருக்கும் முழுசாகத் தெரியாது. பேங்கில் இருந்து வந்த கவர்களைப் பிரிக்காமலே பீரோ மேல் போட்டு வைத்திருந்தேன்.

அன்று ராத்திரி மகன் தூங்கியதும் அவனுடைய பழைய கணக்கு நோட்டை எடுத்தேன். கவர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். மூணு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூணு ரூபாய் வட்டிக்கு, வாங்கியது 80,000. கிரெடிட் கார்டில் 46,000. "ஏனுங்க, இன்னும் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "கம்பெனில 15,000 அட்வான்ஸ் வாங்கிருக்கறேன் அம்மணி" என்றார். நானும் ஏலச்சீட்டில் இரண்டு தவணை நிற்பதைச் சொன்னேன். சண்டை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

மூணு வட்டி என்று வாயால் சொல்லும்போது பெரிதாகத் தெரியாது. மாதம் 2,400, வருடத்துக்கு 28,800. அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கார்டு அதைவிட மோசம். மினிமம் டியூ 2,300 கட்டினால் போதும் என்று கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டேட்மென்ட்டைப் படித்துப் பார்த்தால் மாதம் மூன்றரை சதவீதம் வட்டி, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நான் கட்டியதில் 1,900 ரூபாய் அதற்கே போயிருக்கிறது. கடனில் கழிந்தது 400 ரூபாய்தான்! போதாததற்கு, பாக்கி நிற்கும்போது கார்டைத் தேய்த்தால் புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும்.

இத்தனைக்கும் அம்மா எனக்குப் போட்ட 5 பவுன் செயின் அரிசி டிரம்முக்குள் இருந்தது. அடகு என்றாலே எனக்கு உடம்பு நடுங்கும். அப்பா வைத்த நகை ஏலத்தில் போன அன்று அம்மா அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பயத்தில் செயினைத் தொடாமல், வருடத்துக்கு 36 சதவீத வட்டியைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாசி மாதம் அந்தச் செயினை எடுத்துக்கொண்டு, நகைக்கடன் கேட்க இரண்டு பேருமாகக் கூட்டுறவு வங்கிக்குப் போனோம். கவுன்டரில் இருந்த அம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வியே, "எப்பங்க ஏலத்துக்குப் போகும்?" என்பதுதான். அவர் சிடுசிடுக்காமல் சொன்னார்: ஒரு வருடக் கெடு, அதற்குள் கையில் இருக்கும்போதெல்லாம் அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம், கெடு தாண்டினாலும் நோட்டீஸ் வராமல் ஏலம் போடமாட்டார்கள். இவ்வளவுதானா என்று இருந்தது. இதை ஒரு ஆளிடம் கேட்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

1,26,000 வாங்கி வட்டிக்காரரையும் கார்டையும் ஒரே வாரத்தில் முடித்தோம். மாதம் 4,300 வட்டி போன இடத்தில் இப்போது ஆயிரம் ரூபாய் சொச்சம். மிச்சமாகும் பணத்தை அப்படியே அசலுக்குக் கொண்டுபோய்க் கட்டுகிறோம். கடன் முடிக்கிறவர்கள், கடனுக்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டையும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கையும் தயவுசெய்து கையோடு திருப்பி வாங்கிவிடுங்கள். எங்களுக்கு அதற்கே நாலு நடை ஆனது. ஆனாலும் விடவில்லை.

பேங்குக்குப் போன வேகத்தில் இவர் பெயரில் இரண்டு காப்பீடும் போட்டோம். விபத்துக்கு வருடம் 20 ரூபாய், ஆயுளுக்கு 436 ரூபாய். இரண்டும் மத்திய அரசுத் திட்டம், ஒவ்வொன்றும் 2 லட்சத்துக்கு. கட்டிங் மெஷினில் நிற்கிற மனுசனுக்கு இதுகூட இல்லாமல் இருந்திருக்கிறோம்.

இப்போதும் சனிக்கிழமை ராத்திரி அதே நோட்டுதான். சம்பளக் கவரைப் பிரித்து எண்ணுவது மகன். போன தீபாவளி போனஸ் முழுசும் அசலுக்கே போனது, அந்த வருடம் புதுத்துணி அவனுக்கு மட்டும்தான் எடுத்தோம். நகைக்கடனில் இன்னும் 41,000 பாக்கி இருக்கிறது. அந்த எண்ணைக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி, ஒவ்வொரு முறை கட்டும்போதும் அவன்தான் அழித்து மாற்றுகிறான். அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் மெலிந்துபோய்விட்டது.